மாத்தளை மலையகத்தில் மின்வலுவும் வைத்தியசாலைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1976 ஆம் ஆண்டில் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலைகளின் அடியூடாக வடக்கே திருப்பப்பட்டது. அந்நீர் உக்குவளையில் வெளிப்பட்டு, ஆங்கு அமைந்த மின்னிலையத்தின் சுழலிகளை இயக்கியபின் சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கை வழியாக உலர்வலய வயல்களை நாடிச் செல்கின்றது. 40 மெகாவாற் கொள்ளளவுடன் அமைக்கப்பட்ட அம்மின்னிலையத்தை அடுத்து, 1981 இல் அதே மாவட்டத்தின் போவத்தென்னவில் மேலும் 40 மெகாவாற் மின்வலு பெறப்பட்டது. இவ்வாறு மாத்தளை மாவட்டம் தீவின் மின்னுற்பத்தி மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் அதே ஆண்டுகளில் அம்மாவட்டத்தின் மலைத்தோட்டங்கள் பலவற்றில் இரவிற் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியின் கையில் இருந்தது மண்ணெண்ணெய் லாந்தரேயாகும்.

இம்முரண்பாட்டுக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கங்கள் இரண்டு. மலைநாட்டில் மின்கம்பி இழுப்பது கடினம் என்பது ஒன்று. நாடு வறியது என்பது மற்றொன்று. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மாத்தளையைப் பொறுத்தவரையில் இவை போதிய விளக்கங்களாகா என்பதே எமது கருத்து. மின்சாரம் அம்மலைகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளி அன்று. உக்குவளைக்கு நெடுங்காலம் முன்னரே, தேயிலைத் தொழிற்சாலையின் சுவருக்குள் அது இருந்தது. அச்சுவரைத் தாண்டிச் சில நூறு யார் தொலைவிலிருந்த மருந்துச்சாலைக்கு அது ஏன் செல்லவில்லை என்பதே ஈண்டு ஆராயப்பட வேண்டிய வினாவாகும். மின்சாரத்தின் வரலாற்றைப் பொறியியலாளரும், மருத்துவத்தின் வரலாற்றை வைத்தியரும் தனித்தனியே எழுதியமையால் இவ்வினா இரு சாராரது நூல்களிலும் இடம்பெறாது போயிற்று.

தோட்டத் தொழிலாளரின் நோய்க்குப் பொறுப்பாளர் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மாண்டோர் தொகை பெரிது. மலைநாட்டின் வாயிலாக அமைந்த மாத்தளையே, எஞ்சி வந்தோர் முதலிற் கண்ட கோப்பி நாடு. அவர்களது மருத்துவத் தேவைகளுக்கென 1872 இல் ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டம், கோப்பி மாவட்டங்களை மருத்துவப் பிரிவுகளாக வகுத்து, அதற்கான செலவைத் தோட்டங்களின் மீது சுமத்தியது. 1880 களில் இவ்வேற்பாடு மாற்றப்பட்டு, ஏற்றுமதித் தீர்வையின் ஒரு பகுதி மருத்துவச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. 1912 இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் இரு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. நோயுற்ற தொழிலாளிக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்தலும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தலும் தோட்டத்துரையின் கடமைகளாயின. அங்கீகாரம் பெற்ற மருந்துச்சாலையையோ வைத்தியசாலையையோ தாமே நடத்திய தோட்டங்களுக்குத் தீர்வையில் கழிவு வழங்கப்பட்டது.

இச்சட்டங்களின் விளைவு இருவகைப்பட்டது. தீவின் கிராமத்து உழவனுக்கு இல்லாத மருத்துவ ஏற்பாடு ஒன்று தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி உண்டாயிற்று. இது மறுக்கவியலாத உண்மை. மறுபுறத்தில், அவனது மருத்துவம் அரசின் பொதுக் கடமையாகாது தோட்டக் கணக்கேட்டின் ஒரு செலவுப் பத்தியாகியது. கழிவு பெறுவதற்குத் தேவையான அளவுக்கு மருந்துச்சாலை இருந்தாற் போதும். அதற்கு மேற் செலவிடும் ஒவ்வொரு சதமும் கம்பனியின் இலாபத்திற் குறைவு. பின்வந்த ஒரு நூற்றாண்டுக் காலமும் தோட்டத்து மருத்துவம் இந்தக் கணக்கின் நிழலிலேயே வளர்ந்தது என்பது மனங்கொளத்தக்கது.

இனி மின்வலுவுக்கு வருவோம். கோப்பிக் காலத்திலேயே மலையருவிகள் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தன. பழத்தின் தசையை நீக்கும் பொறிகளை நீர்ச்சக்கரங்கள் சுழற்றின. இலைநோய் கோப்பியை அழித்தபின் மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளில் கொக்கோவும் றப்பரும் மிளகும் இடம்பிடிக்க, எல்கடுவை, இரத்தோட்டை, கம்மடுவை முதலிய உயர்ந்த பகுதிகளில் தேயிலை பரவியது. தேயிலையோ கோப்பியைவிடப் பன்மடங்கு இயந்திர வலுவை வேண்டும் பயிர். வாட்டிய கொழுந்தை உருட்டவும், அரிக்கவும், உலர்த்திக்குள் வெங்காற்றைச் செலுத்தவும் இடையறாத சுழற்சி தேவை. மலையில் நிலக்கரி இல்லை. விறகு சுமந்து கட்டுப்படியாகாது. ஆகவே ஓடையை மறித்து, குழாய் வழியே நீரை இறக்கி, இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்கெஸ் கம்பனி போன்றவை வார்த்த சுழலிகளைத் தொழிற்சாலையின் அருகே நிறுவினர். தொடக்கத்தில் அச்சுத்தண்டும் தோற்பட்டியும் கொண்டு உருளைகளை நேரே இயக்கிய இச்சுழலிகளோடு, பின்னர் மின்பிறப்பாக்கிகளும் இணைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தீவின் தோட்டங்களில் இத்தகைய சிறு நீர்மின் அமைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

ஆக, மலையகத்தில் மின்னொளி ஏறிய முதற் கட்டடங்களுள் தேயிலைத் தொழிற்சாலையும், அதனை அடுத்துத் துரை பங்களாவும் அடங்கும். கொழுந்து உருட்டுவது நள்ளிரவுக்குப் பின்னர் தொடங்கி விடியுமட்டும் நடக்கும் வேலை. அந்நேரத்தில் லயத்திலிருந்து பார்க்கும் ஒருவனுக்கு மலைச்சரிவில் ஒளிரும் ஒரே கட்டடம் தொழிற்சாலைதான்.

மருந்துச்சாலைக்கு வேண்டிய மின்சாரம் எவ்வளவு எனச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 40 கிலோவாற் தரும் சுழலி ஒன்று இருந்ததாகக் கொள்வோம். தோட்டத் தொழிற்சாலைக்கு இது பெரிய அளவன்று. அதன் நூற்றில் ஒரு பங்கு 400 வாற். அதாவது 40 வாற் மின்குமிழ்கள் பத்து. மருந்து கலக்கும் அறை, காயம் கட்டும் அறை, பிள்ளைப்பேற்றுக்கு ஒதுக்கிய அறை, நாலைந்து கட்டில்கள் கொண்ட நோயாளர் கூடம், வெளித்திண்ணை ஆகிய அனைத்துக்கும் இது போதும். செப்புக் கம்பிக்கும் கம்பங்களுக்கும் ஆகும் செலவு ஒருமுறைச் செலவே. எனவே, வலுப் பற்றாமையால் மருந்துச்சாலை இருண்டிருந்தது என்னும் வாதம் நிலைக்காது. உருளைக்குச் செல்லும் மின்சாரம் உற்பத்திச் செலவு, அது தேயிலையின் விலையாகத் திரும்பி வரும். மருந்துச்சாலைக்குச் செல்லும் மின்சாரம் நலன்புரிச் செலவு, அது திரும்பி வராது. கம்பி எங்கே நின்றது என்பதை நிலத்தின் ஏற்ற இறக்கத்தைவிடக் கணக்கேட்டின் இவ்விரு பத்திகளே தீர்மானித்தன என்பது எமது துணிபு.

ஈண்டு ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். 1900 இல் ஒரு மருந்துச்சாலைக்கு மின்சாரம் எதற்கு? ஊசியையும் கத்தியையும் அடுப்பில் கொதிக்கவைக்கலாம். கொயினாவும் விளக்கெண்ணெயும் குளிரூட்டல் வேண்டாதவை. றொஞ்சனின் கதிர்ப்படக் கருவி 1895 இற்குப் பின்னர் தோன்றியது, அது பெருநகர வைத்தியசாலைகளின் உடைமை. இம்மறுப்பு நியாயமானது. மின்சாரம் இல்லாமையால் அக்காலத்து மருந்துச்சாலை இழந்தது பெரும்பாலும் ஒளி மட்டுமே. ஆயினும் ஒளியை அற்பமாகக் கருதலாகாது; பிள்ளைப்பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கு எவ்விடத்திலிருந்து வருகின்றது என்பதை லாந்தர் வெளிச்சத்தில் தேடிய எவரும் அவ்வாறு கருதமாட்டார். எனினும் உண்மையான திருப்பம் பின்னரே நிகழ்ந்தது. 1920 களில் இன்சுலின் வந்தது. தொடர்ந்து குருதி சேமித்தல், உறிஞ்சு கருவி, மின்னால் இயங்கும் கிருமிநீக்கி, குறைமாதக் குழந்தைக்கான வெப்பப் பெட்டி, ஈற்றில் தடுப்பூசிக் குளிரூட்டி என மருத்துவமே படிப்படியாக மின்சாரத்தின்மீது ஏறி அமர்ந்தது. முன்பு வசதிக் குறைவாக இருந்தது, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் உயிரிழப்பாக மாறியது. இருள் அதே இருள்தான். அதன் விலை உயர்ந்துவிட்டது.

இக்காலப் பகுதியிலேயே தேசிய மின்வலையும் பிறந்தது. மலைநாட்டு ஆறுகளின் நீரால் தீவு முழுமைக்கும் மின்சாரம் வழங்கலாம் எனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் பொறியியற் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். தொடங்குவதும் நிறுத்துவதுமாக மூன்று தசாப்தங்கள் கழிந்தபின், 1950 இன் இறுதியிலேயே லக்ஷபான முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. 1969 இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. மின்வலை தோட்டங்களை எட்டியபோது நிகழ்ந்தது நகைப்புக்கிடமானது. தொழிற்சாலைகள் மின்வலையோடு இணைந்தன. சொந்தச் சுழலிகள் பல கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. வேண்டாப் பொருளாகிய அச்சுழலியின் மின்சாரத்தையேனும் லயத்துக்கும் மருந்துச்சாலைக்கும் திருப்பிவிடலாமே என்னும் எண்ணம் ஆட்சியாளருக்குப் பொதுவாக எழவில்லை. கைவிடப்பட்ட சிறு நீர்மின் அமைப்புகளைப் புதுப்பிக்கும் முயற்சிகள் 1980 களிலேயே ஓரளவு தொடங்கின; அவற்றின் நோக்கமும் முதன்மையாகத் தொழிற்சாலையின் மின்கட்டணத்தைக் குறைத்தலேயாகும்.

கிராமங்களின் நிலை வேறாக அமைந்தது. ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கிராமத்து மருத்துவத்தின் வெறுமையை அம்பலமாக்கியது. அதனைத் தொடர்ந்து மத்திய மருந்தகங்களும் கிராமிய வைத்தியசாலைகளும் தீவெங்கும் பெருகின. 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்று. கட்டடம் முன்னே வந்தது. மின்சாரம் பின்னே வந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள லக்கலைச் சிங்களக் கிராமங்கள் தோட்டங்களைப் போலவே இருளில் இருந்தன. 1981 குடிசன மதிப்புக் காலத்திற்கூட தீவின் வீடுகளில் ஆறில் ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே மின்விளக்கு எரிந்தது. ஆகவே இதனை இன அடிப்படையில் மட்டும் விளக்க முனைவது பிழையாகும். ஆயினும் கிராமத்தவனிடம் வாக்கு இருந்தது. கிராமிய மின்சாரத் திட்டம் எவ்வூருக்கு முதலில் என்பதைத் தீர்மானிப்பதிற் பாராளுமன்ற உறுப்பினரின் சொல் பெரிதாய் இருந்த காலம் அது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதனை அடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரின் வாக்கைப் பறித்திருந்தன. வாக்கில்லாதவர்க்காகக் கம்பம் கேட்கும் உறுப்பினர் எங்கிருந்து வருவார்?

தடுப்பூசியின் கதையிற் சற்று நின்று செல்வது தகும். இவ்வேறுபாடு உடலிற் பதிந்த விதத்தை அது தெளிவாகக் காட்டுகின்றது. 1962 இல் இளம்பிள்ளைவாதம் தீவிற் பரவியது. அவ்வாண்டிலேயே வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினர். வழமையான தடுப்பு மருந்துகளுள் வெப்பத்தை மிகவும் தாங்காதது அதுவேயாகும். குளிரின்றிச் சில நாட்கள் வைத்தால் அது வெறும் நீருக்கு ஒப்பாகும். 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியபோது, கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கும், அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டி ஊசி போடும் இடத்துக்குமாக அறுபடாத குளிர்ச் சங்கிலி தேவைப்பட்டது. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மின்சாரத்தாலானது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு உலகெங்கும் கைக்கொள்ளப்பட்ட மாற்று, மண்ணெண்ணெய்க் குளிரூட்டி. தீச்சுடரின் வெப்பத்தால் உள்ளே குளிரை உண்டாக்கும் இவ்விந்தைப் பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெயைக் குடிக்கும். திரியை நாள்தோறும் கத்தரித்துச் சீர்செய்யவேண்டும். புகைக்குழாயிற் கரி அடையக்கூடாது. பெட்டி சற்றே சாய்ந்து நின்றாலும் குளிர்ச்சி குன்றும். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வெப்பநிலையை நிறுத்துவது அதனால் இயலாத காரியமென்றே கூறலாம். சுடர் குறைந்தால் இளம்பிள்ளைவாத மருந்து கெடும். கூடினால் ஏற்புவலித் தடுப்பூசி உறைந்து கெடும். கெட்ட மருந்தைக் கண்ணாற் கண்டறிய முடியாது. ஊசி போட்ட தாய் பாதுகாப்புப் பெற்றாள் என்றே பதிவேடு கூறும்.

தோட்டத்துப் பிறப்புகளில் ஏற்புவலி எத்தகைய கொடுமை விளைத்தது என்பதை மலையகத்தில் வளர்ந்தோர் அறிவர். 1970 களில் நாடு முழுவதற்குமான சிசு மரண வீதத்தோடு ஒப்பிட்டால், தோட்டப் பகுதியின் வீதம் இருமடங்கை அண்மித்தும் சில ஆண்டுகளில் அதனை விஞ்சியும் நின்றது. இதற்குப் பஞ்சமும் கூலியும் லயமும் காரணங்களாயின. மின்சாரமே காரணம் என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். ஆனால் பின்னர் அவ்வீதம் வீழ்ந்தமைக்குத் தடுப்பூசி ஒரு முக்கிய காரணம். தடுப்பூசி தோட்டம் வரை உயிருடன் சென்றமைக்கு, நகரத்துக் குளிரூட்டியிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து மலையேறிய குடும்பநல உத்தியோகத்தர்களின் கால்களே காரணம். மின்கம்பி ஏறாத உயரத்துக்கு அவர்கள் ஏறினர்.

உடைமை மாறியபோதும் கணக்கேடு மாறவில்லை என்பது அடுத்துக் கருதத்தக்கது. 1972 இன் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அரசின் தோட்டத்துக்குள் அரசின் மின்சாரமும் அரசின் மருத்துவமும் இணைவதற்குத் தடையேதும் இருந்திருக்கக்கூடாது. ஆயினும் தோட்டக் கூட்டுத்தாபனங்கள் தனி நிறுவனங்களாகவே நடந்தன. மருந்துச்சாலை அவற்றின் நலன்புரிப் பத்தியிலேயே இருந்தது. ‘தோட்டத்து டாக்டர்’ என மக்கள் அழைத்த தோட்ட வைத்திய உதவியாளர் சுகாதாரத் திணைக்களத்தின் ஊழியராகவில்லை. 1992 இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1990 களில் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. ஏனையவை கம்பனிகளிடமே நின்றன. இடையில் வந்த 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இன்னொரு வேலியை எழுப்பியது. அதன் 33 ஆம் பிரிவின் காரணமாகப் பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளின் பாதைக்கோ விளக்குக்கோ தாராளமாகச் செலவிட இயலவில்லை. தோட்டம் தனியார் நிலம் எனக் கொள்ளப்பட்டது. அச்சபைகளுக்கு வாக்களித்தவர்களே அங்கு வாழ்ந்தனர் என்பது சட்டத்தின் கண்ணிற் படவில்லை. 2018 இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. 1872 இற் போடப்பட்ட கோடு 146 ஆண்டுகள் நீண்டது எனக் கூறின் தவறாகாது.

நகர வைத்தியசாலையின் சிக்கல் வேறு வகையானது. மாத்தளை நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மின்சாரம் வந்தடையாத பிரச்சினை இல்லை. மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அத்தகைய வைத்தியசாலைகளின் பிரச்சினை. வைத்தியசாலை பெரிதாகப் பெரிதாக அதன் மின்பசியும் பெருகுகின்றது. சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி, குறைமாதக் குழந்தைகள் பிரிவு ஆகியவை ஒரு கணமும் மின்சாரமின்றி இயங்கா. மின்வலை அறுந்ததும் டீசல் மின்பிறப்பாக்கி விழித்தெழச் சில நொடிகள் ஆகும். அந்நொடிகளை மின்கலங்கள் தாங்கவேண்டும். பிறப்பாக்கியின் வலு முழு வைத்தியசாலைக்கும் போதாது என்பதால், எக்கம்பிக்கு முன்னுரிமை என்பதை முன்கூட்டியே வகுத்துவைப்பர். வெளிநோயாளர் பிரிவும் சாதாரண நோயாளர் கூடங்களும் இருளைப் பகிர்ந்துகொள்ளும்.

மாற்று வலுவைத் தேடும் முயற்சி ஒன்று மாத்தளையில் எதிர்பாராத வரலாற்றைத் தோண்டியெடுத்ததை இங்குக் குறிப்பிடாது விடலாகாது. 2012 நவம்பரில் அவ்வைத்தியசாலை வளவில் உயிர்வாயு அலகு ஒன்றை அமைப்பதற்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 150 இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை 1980 களின் இறுதியில், கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டோருடையவை எனத் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அறிக்கையிட்டார். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கதிர்க்கரிமக் கணிப்போ அவற்றை 1950 இற்கு முற்பட்டவை என்றது. காணாமற்போன சிங்கள இளைஞர்களின் பெற்றோர் அக்குழியருகே வந்து நின்றனர்.

2022 இன் நெருக்கடி நகரத்தையும் தோட்டத்தையும் ஒரே இருளில் நிறுத்தியது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்மையால் மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்வெட்டுக்கு மருந்து டீசல், டீசலுக்கோ வரிசை. அதே மார்ச்சு இறுதியில், மாத்தளையின் கடும் நோயாளிகளை வழமையாக அனுப்பும் கண்டிப் பிரதேசத்துப் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துப் பற்றாக்குறையால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் தாதியரும் வைத்தியரும் பணிக்குச் செல்ல எரிபொருளின்றித் தவித்தனர். இவ்வேளையில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மின்சாரத்தோடு முழுமையாகப் பிணைந்துவிட்ட பெரிய வைத்தியசாலையே முதலிற் தடுமாறியது. மருந்துச்சாலையிற் பழைய லாந்தர் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை.

இது மாத்தளையின் தனிக்கதையும் அன்று. உலக சுகாதார நிறுவனமும் பிற சர்வதேச அமைப்புகளும் 2023 இல் வெளியிட்ட அறிக்கை, குறைந்த வருமான, தாழ் நடுத்தர வருமான நாடுகளில் ஏறத்தாழ 100 கோடி மக்களுக்குச் சேவை செய்யும் மருத்துவ நிலையங்கள் நம்பத்தக்க மின்சாரமோ, எவ்வகை மின்சாரமுமோ இன்றி இயங்குவதைச் சுட்டியது. தெற்காசிய நிலையங்களில் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு மின்சாரமே இல்லை. இலங்கையின் மின்னிணைப்பு இன்று ஏறத்தாழ அனைத்து வீடுகளையும் எட்டிவிட்டதால், இத்தகைய கணக்குகளில் நம்நாடு நல்ல மாணவனாகத் தோன்றும். ஆனால் இணைப்பு உண்டா இல்லையா என்று மட்டும் கேட்கும் படிவத்தில், மழைக்காலத்தில் எத்தனை நாள் மின்சாரம் நிற்கின்றது, கட்டணத்தை யார் செலுத்துகின்றார், மின்பிறப்பாக்கி உண்டா என்ற வினாக்களுக்கு இடமில்லை. தோட்ட மருந்துச்சாலைகளைப் பொறுத்தவரையில் இவையே பொருளுள்ள வினாக்கள். கூரையில் சூரியத் தகடு பதிக்க நன்கொடையாளர் முன்வந்தாலும், கூரை யாருடையது என்ற கேள்வி முன்னெழும்: கம்பனியினதா, அரசினதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையால் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. மலைச்சரிவுகள் வழுக்கி வீதிகளை மூடின. மின்கம்பங்கள் மண்ணோடு சென்றன. வீதி அறுந்தால், மலைக்குமேல் உள்ள மக்களுக்கு மாவட்ட வைத்தியசாலை பொருளற்றது. நாற்பது வாற் மின்குமிழ் பத்துக்குரிய மின்சாரமேனும் தேவைப்படுவது அத்தகைய நாட்களில் அந்தச் சிறிய மருந்துச்சாலைக்கே. கம்பங்கள் கிடந்த சரிவுகளின் ஓடைகளில், ஒருகாலத்திற் தோட்டத்துச் சுழலிகளைச் சுழற்றிய அதே நீர் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது.